சாவு வீட்டுக் குதிரை

அந்த ஞாயிற்றுக்கிழமை போட்டுக்கொண்டு போக என்னிடம் ஒரே ஒரு பேண்ட்தான் இருந்தது. அது அண்ணனுடையது.

எங்கள் தெருவில் செத்துப்போனவர்களின் துணியை வீட்டில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். காரியத்தன்று அண்ணனுடைய சட்டை, கைலி எல்லாவற்றையும் கொடுத்துவிட்டோம். இந்தப் பேண்ட் மட்டும் அப்போது வீட்டில் இல்லாததால் தப்பித்தது. அடுத்த முகூர்த்தங்களுக்குப் போடலாமென்று கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு தையல் கடையில் கொடுத்திருந்தான். நான் போய் நின்றதும் தையல்காரர் என் முகத்தைப் பார்த்தார், கேட்காமலே எடுத்து வைத்தார்.

"யாருனா வருவீங்கன்னு பாத்துகினே இருந்தேம்மா. நானா கொண்டாந்து குடுக்க மனசு வர்ல."

"இடுப்பப் புடிச்சுக் குடுங்கண்ணே. நீளத்தயும் கம்மி பண்ணணும். நாந்தான் போட்டுக்கப் போறேன்."

"நீயா? இன்னாத்துக்கு?"

"குதிர ஓட்டக் கத்துக்கப் போறேன்."

அவர் சிரிக்கவில்லை. டேப்பை எடுத்துக்கொண்டு என்னை நேராக நிற்கச் சொன்னார்.

எங்கள் வீட்டில் ஒரு வெள்ளைக் குதிரை இருக்கிறது. பெட்டைக் குதிரை. மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் கூட்டிப்போவது. அண்ணன்தான் அதைக் குட்டியாக வாங்கிவந்து வளர்த்தான். மேளம் அடித்தால் முன்னங்கால்களை மாற்றி மாற்றித் தூக்கி ஆட அவன்தான் பழக்கினான். ஊர்வலம் தெருமுனையில் நிற்கும்போது கயிற்றை இழுத்துப் பிடிப்பான். அது கழுத்தை வளைத்துக்கொண்டு ஆடும், மேலே மாப்பிள்ளை பயந்துபோய்ப் பிடியைத் தேடுவார், பெண் வீட்டார் விசிலடிப்பார்கள். சின்னசேலம், வடக்கனந்தல் என்று எந்தப் பக்கம் கல்யாணம் நடந்தாலும் எங்கள் குதிரையைத் தெரியாதவர்கள் கிடையாது. ஆனால் எங்கள் வீட்டில் யாரும் அதன்மேல் உட்கார்ந்ததில்லை. அண்ணன்கூட உட்கார மாட்டான். "அது மாப்பிள்ள ஒக்கார்ற எடம்" என்பான். எப்போதும் கயிற்றைப் பிடித்த கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அதன் முன்னால் நடந்துதான் போவான்.

ஒரு கல்யாணத்தை முடித்துவிட்டு விடியற்காலையில் பைக்கில் வந்தபோது, ரோட்டோரம் விளக்கில்லாமல் நின்றிருந்த கரும்பு டிராக்டரில் மோதிவிட்டான். குதிரையை ஏற்றிக்கொண்டு குட்டியானை வண்டியில் பின்னால் வந்தது எங்கள் மாமா, அம்மாவின் தம்பி. அவர்தான் முதலில் பார்த்தவர். பார்த்ததைப் பற்றி இதுவரை அவர் எங்களிடம் ஒன்றும் சொன்னதில்லை. நாங்களும் கேட்கவில்லை.

அன்று மத்தியானம் அண்ணனை வாசலில் கிடத்தியிருந்தார்கள். மேளக்காரர்கள் வந்து அடிக்கத் தொடங்கினார்கள். வீட்டுக்குப் பின்னால் கட்டியிருந்த குதிரை அதைக் கேட்டதும் ஆட ஆரம்பித்தது. ராத்திரி கட்டிய சலங்கையை யாரும் கழற்றவில்லை. சலங்கைச் சத்தம் எல்லோர் காதிலும் விழுந்தது. மேளம் நின்றால் அதுவும் நின்றது, அடித்தால் ஆடியது. அம்மா அழுகையை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கினாள்.

"எம்புள்ள பொணமாக் கெடக்குறான். அது ஆடுது பாருங்க."

அதற்குப் பிறகு அம்மா குதிரையின் பக்கமே போகவில்லை. தண்ணீர்கூட வைக்க மாட்டாள். கொள்ளு ஊறவைப்பதும் சாணி அள்ளுவதும் என் வேலையானது.

சாவு விழுந்த வீட்டிலிருந்து ஒரு வருஷத்துக்கு எதுவும் கல்யாணத்துக்குப் போகக்கூடாது. குதிரையும் அப்படித்தான். முன்னாலேயே சொல்லிவைத்திருந்தவர்கள்கூட வேறு இடத்தில் பேசிக்கொண்டார்கள். அவர்களைக் குறைசொல்ல முடியாது. சாவு வீட்டுக் குதிரைமேல் யார் பிள்ளையை உட்காரவைப்பார்கள்? ஆனால் குதிரைக்கு ஒரு வருஷம் பசிக்காமல் இருக்குமா? நான் களை வெட்டப் போய் வந்து தீனி வாங்கிப் போட்டேன். ராத்திரி சாப்பிட்டதும் சாப்பிடாததும் நினைவில்லாமல் தூங்கிவிடுவேன். மாமா ஒரு தரகரைக் கூட்டி வந்தார். பாண்டிச்சேரிப் பக்கம் கடற்கரையில் பிள்ளைகளை ஏற்றிச் சுற்றுவதற்கு வேண்டுமாம். தரகர் அதன் வாயைப் பிளந்து பல்லைப் பார்த்தார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அப்போதுதான் அந்த மேடம் ஞாபகம் வந்தது. கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்குப் போகிற வழியில், சென்னையிலிருந்து வந்த ஒரு அம்மா நாலைந்து குதிரை வைத்துக்கொண்டு இங்கிலீஷ்காரர்கள் மாதிரி சவாரி சொல்லித்தருகிறார். எங்கள் குதிரையை ஒரு ஊர்வலத்தில் பார்த்துவிட்டு, கல்யாண வேலையை விடுவதானால் என்னிடம் வா என்று அண்ணனிடம் நம்பர் கொடுத்திருந்தார். "பாக்கலாங்க மேடம்" என்று சொல்லிவிட்டு வந்தவன்தான். அவனுடைய போனில் இருந்த அந்த நம்பருக்கு நான் பேசினேன்.

"குதிரையை மட்டும் எடுத்துக்க மாட்டேம்மா," என்றார். "அதுக்குப் பழகின ஆளும் கூட வேணும். அந்த ஆளுக்கு சவாரி தெரியணும். ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் வாங்க. முதல் கிளாஸ் எடுத்துப் பாக்கறேன். சரியா வந்தா இங்கயே இருங்க. சரியா வரலன்னா முகத்துக்கு நேரா சொல்லிடுவேன்."

தரகர் திங்கட்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஆகவே எனக்கு இருந்தது அந்த ஞாயிறு மட்டும்.

மேடம் சொன்னபடி நான் தயாராகத் தொடங்கினேன். தொளதொளவென்று இல்லாத பேண்ட். முடியை இறுக்கிப் பின்ன வேண்டும். தொப்பி அவரே தருவார். ஷூவுக்குக் கொஞ்சமாவது குதிகால் இருக்க வேண்டும், இல்லையென்றால் கால் வைக்கிற வளையத்துக்குள் பாதம் நழுவி மாட்டிக்கொள்ளுமாம். பக்கத்து வீட்டுப் பெண் பத்தாவது படிக்கிறாள், அவளுடைய கறுப்புப் பள்ளிக்கூட ஷூவை வாங்கிக்கொண்டேன். நான் எட்டாவதோடு நின்றவள். நான் படித்தபோது செருப்புதான்.

போனில் ஒரு வீடியோவும் அனுப்பியிருந்தார். குதிரை ஓடும்போது அதன் தாளத்துக்கு எழுந்து எழுந்து உட்கார வேண்டும். நான் தவிட்டு மூட்டையைக் குட்டைச் சுவரின்மேல் போட்டு, அதன்மேல் இரண்டு பக்கமும் காலைப் போட்டு உட்கார்ந்தேன். பழைய புடவையின் கரையைக் கிழித்து ஜன்னல் கம்பியில் கட்டி, இரண்டு கையிலும் கடிவாளம் மாதிரி பிடித்துக்கொண்டேன். எழுந்தேன், உட்கார்ந்தேன். நாளெல்லாம் குனிந்து களை வெட்டிய இடுப்பு, எழும்போதெல்லாம் விண் விண் என்றது.

தண்ணீர் பிடிக்க வந்தவர்கள் குடத்தை வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

"இன்னாடி, மூட்ட மேல ஏறிகினு எங்க கெளம்பிட்ட?"

"சின்னசேலம் ஸ்டேஷன் வரைக்கும் போவுமா கேளு. நானும் ஏறிக்கிறேன், பஸ்ஸுக்கு நிக்கத் தேவல."

"நீ ஏறுனா மூட்ட கியிஞ்சிடும், சும்மா இரு."

நானும் சிரித்தேன். அதற்குள் ஒருத்தி குடத்தைத் தூக்கிக்கொண்டே, "அண்ணன் போயி மண்ணு காயல. தங்கச்சி குதிர ஏறுது" என்று சொல்லிக்கொண்டு போனாள். மறுபடி எழுந்தேன், உட்கார்ந்தேன்.

சனிக்கிழமை குதிரையைக் குளிப்பாட்டினேன். கடைசிக் கல்யாணத்துக்கு அண்ணன் அதன் பிடரிக்கும் வாலுக்கும் ரோஸ் கலர் பூசியிருந்தான். சாயமில்லாமல் சுத்தமாகக் கூட்டிவரச் சொல்லியிருந்தார் மேடம். சோப்புப் போட்டுத் தேய்க்கத் தேய்க்க ரோஸ் தண்ணீர் சாக்கடைக்கு ஓடியது. வாலின் நுனியில் கொஞ்சம் போகவே இல்லை. நானும் அதற்குமேல் தேய்க்கவில்லை.

அம்மா உள்ளே இருந்தபடியே கேட்டாள்.

"மெய்யாலுமே மலைக்குப் போறியா?"

"போலன்னா திங்கக்கெழம ஓட்டிகினு பூடுவாங்கம்மா."

"ஓட்டிகினு போவட்டும். சாவு வுழுந்த வூட்டுல ஒரு வருசம் மலை ஏறக்கூடாது. தெரியுமில்ல?"

இதுதான் எனக்குப் பெரிய பயமாக இருந்தது. மாமா அப்போது வாசலில் வண்டியில் வைக்கோல் பரப்பிக்கொண்டிருந்தார்.

"அக்கா, அது சாமி மலைக்கு. கல்வராயன்ல ஜனம் குடியிருக்குது. அங்கியே பொறந்தவன் வூட்டுல சாவு வுழுந்தா இன்னா பண்ணுவான்? ஒரு வருசம் கீழ எறங்கி வந்து வாடகைக்கு இருப்பானா?"

"அவன் மலை அவனுக்கு. நமக்கு இன்னா?"

"நேத்து வரைக்கும் வித்துடலாம்னு நாந்தான் சொன்னேன். இப்ப நாந்தான் வண்டி ஓட்றேன். இந்தப் பொண்ணு மொகத்தப் பாரு, அக்கா."

"எனக்கு இருக்கறது இது ஒண்ணுதான்டா," என்றாள் அம்மா. குரலில் சண்டை இல்லை. களைத்துப்போயிருந்தாள். "மலை ஏறி இதுக்கும் ஒண்ணு ஆயிட்டா?"

குதிரை தலையை ஆட்டி ஈயை விரட்டியது.

ஞாயிறு காலை பேண்டைப் போட்டேன். தையல்காரர் இடுப்பைச் சரியாகப் பிடித்திருந்தார். ஆனால் நீளத்தைக் குறைக்கும்போது துணியை வெட்டாமல் உள்ளே மடித்துத்தான் தைத்திருந்தார். பிரித்தால் பழைய நீளம் வந்துவிடும். அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஷூவை மாட்டினேன். குதிரையை வண்டியில் ஏற்றிவிட்டு முன்னால் வந்தால் அம்மா ஏறி உட்கார்ந்திருந்தாள்.

"நீ எங்கம்மா?"

"ஒனக்கு அங்க ஏதாச்சும்னா கீழ ஒக்காந்துகினு நா இன்னா பண்றது? வர்றது எனக்கும் சேந்து வரட்டும்."

மாமா வண்டியை எடுத்தார். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணை தாண்டி, வளைவு தொடங்கியதும் அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். மேலே போய்ச் சேரும்வரை திறக்கவே இல்லை.

மேடம் அதட்டாத மனுஷி. முதலில் குதிரையைத் தடவிப் பார்த்தார், குளம்பைத் தூக்கிப் பார்த்தார். பிறகு ஒரு சின்ன பழுப்பு நிறச் சேணத்தைக் கொண்டுவந்தார். எங்கள் கல்யாணச் சேணம் மாதிரி வெல்வெட் இல்லை, கண்ணாடி இல்லை, பிடித்துக்கொள்ளப் பிடிகூட இல்லை.

"இன்னாம்மா இது, சைக்கிள் சீட்டு மாரி இருக்குது?" என்று மாமா என் காதில் சொன்னார்.

மேடம் முதலில் தானே ஏறி, என்னை முன்னால் நடக்கவிட்டு ஒரு சுற்று வந்து பார்த்தார். குதிரை அமைதியாக நடந்தது. அடுத்து நான். இடது பக்கமாக நின்று, வளையத்தில் காலை வைத்து, அவர் தூக்கிவிட ஏறினேன். மாப்பிள்ளை உட்கார்கிற இடம் என்று மனசு சொல்லிக்கொண்டே இருந்தது. மேலேயிருந்து பார்த்தால் அதன் காதுகளுக்கு நடுவில் மண் பாதை தெரிந்தது. அண்ணன் இதைப் பார்த்ததே இல்லை.

மேடம் நீளமான கயிற்றை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, "காலால மெதுவா அமுக்கு, போகச் சொல்லு" என்றார். அமுக்கினேன். குதிரை அசையவில்லை. மேலே ஆள் ஏறினால் முன்னால் ஒருவன் நடக்கும்வரை நிற்கத்தான் அதற்குத் தெரியும். அதன் முன்னால் யாரும் இல்லை. மேடம் கயிற்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அதைக் கிளப்புவதற்காக, டப் டப் என்று கை தட்டினார்.

குதிரை கழுத்தை வளைத்து ஆடத் தொடங்கியது.

நான் பயந்து கடிவாளத்தை இறுக்கினேன். இறுக்க இறுக்க இன்னும் உயரமாகத் தூக்கி ஆடியது. "கையை முன்னாடி குடும்மா! விட்டுக் குடு!" என்று மேடம் கத்தினார். விட்டுக்கொடுத்ததும் நின்றது. தட்டி வேலிக்கு வெளியே நின்றிருந்த அம்மா இரண்டு கையாலும் மூங்கிலைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"இதை யார் சொல்லிக்குடுத்தது?" என்று கேட்டார் மேடம்.

"எங்கண்ணங்க."

"நல்லா சொல்லிக்குடுத்திருக்காரு." கொஞ்ச நேரம் குதிரையின் நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தார். "ஆனா இது பிள்ளைங்க ஏறப்போற குதிரை. யாராவது கை தட்டினா இது ஆடக்கூடாது. நீங்க ரெண்டு பேரும் இங்க இருக்கலாம். நான் எடுத்துக்கறேன். ஆனா தினமும் நீயே மேல உக்காந்து இதை மறக்க வைக்கணும். அதுக்கு நாளாகும். சம்மதம்னா சொல்லு."

அவனுடைய துணியைக் கொடுத்தாகிவிட்டது. படுத்த பாயையும் எரித்தாகிவிட்டது. அவன் விட்டுப்போனது என்று பார்த்தால் இந்தப் பேண்டும், இந்தக் குதிரையின் காலில் இருக்கிற ஆட்டமும்தான். அந்த ஆட்டத்தை அதன் காலிலிருந்து நானே எடுக்க வேண்டும். அம்மாவைப் பார்த்தேன்.

அம்மா குதிரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். சாவுக்குப் பிறகு அதை அவள் நேராகப் பார்த்து நான் பார்க்கவில்லை.

"அதுக்கு ஒண்ணுமே தெரிலடி," என்றாள். "கல்யாணமும் தெரில, சாவும் தெரில. சும்மா கை தட்னாக்கூட ஆடுது. நாந்தான் அதப் போயி..."

முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"மறக்கட்டும் வுடு. மறந்தாதான் அதுக்குச் சோறு."

நான் மேடத்திடம் சரிங்க என்றேன். அவர் இந்த முறை கை தட்டவில்லை. மாமாவைக் கூப்பிட்டுக் கொஞ்சம் முன்னால் நடக்கச் சொன்னார். மாமா அண்ணன் நடக்கிற மாதிரியே, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார். நான் கையை முன்னால் விட்டுக்கொடுத்தேன். குதிரை ஆடாமல், சும்மா, அவர் பின்னால் நடந்தது.