கை காய்கிற வரைக்கும்

எங்களுக்குக் கோழிப்பண்ணை. நாமக்கல்லில் இருந்து சேலம் போகிற வழியில் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. கொட்டகை வாசலில் மருந்துத் தண்ணீர்த் தொட்டி உண்டு. அதில் காலை நனைக்காமல் எங்கள் வீட்டுக்காரர் யாரையும் உள்ளே விடமாட்டார். என் கூடப்பிறந்த அண்ணனையே வாசலோடு திருப்பி அனுப்பிய ஆள். முன்பு ஒருமுறை முட்டை ஏற்ற வந்த வண்டியோடு சீக்கும் வந்து, ஒரு கொட்டகைக் கோழி மொத்தத்தையும் குழி வெட்டிப் புதைத்தோம். அதிலிருந்து அவருக்குக் கிருமி என்றால் அப்படி ஒரு பயம்.

மகள் ஏழாம் மாதமே பிறந்துவிட்டாள். சேலத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். பால் செரிக்கிற அளவுக்குக் குடல் வளரவில்லை. கை நரம்பு வழியாக நூல் மாதிரி ஒரு குழாயை நெஞ்சு வரைக்கும் செலுத்தி, அதில்தான் சாப்பாடும் மருந்தும் போனது. நான் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, கிருமி மருந்தைத் தேய்த்து, அது காய்ந்த பிறகுதான் அவளைத் தொடுவேன். ஈரக்கை பட்டால் குழந்தைக்குக் குளிரும் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். இதையெல்லாம் சாயங்காலம் வராந்தாவில் உட்கார்ந்து வீட்டுக்காரரிடம் ஒப்பிப்பேன்.

அவர் தினமும் வந்தார். குளித்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, பஸ் ஏறி வந்து, கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிற்பார். அங்கிருந்து பார்த்தால் பெட்டியின் ஓரம் மட்டும்தான் தெரியும். அப்பாக்களும் குழந்தையை நெஞ்சில் போட்டுக்கொள்ளலாம் என்று டாக்டரே கூப்பிட்டார்.

"வேண்டாங்க சார். எத்தன தேய்ச்சுக் குளிச்சாலும் நான் பண்ணைக்காரந்தானுங்க. பாப்பா ஊட்டுக்கு வரட்டும், அப்பறம் கீழயே எறக்கமாட்டேன்."

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. பக்கத்துப் பெட்டிக் குழந்தையின் அப்பா சட்டையைக் கழற்றிவிட்டுப் பிள்ளையை நெஞ்சில் சாய்த்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரியும்.

"ஏனுங்க, பெத்த புள்ளையத் தொடறதுக்கு நாளா பாக்கறீங்க?" என்று ஒருநாள் கத்தியேவிட்டேன்.

"ஊட்டுக்கு வந்ததும் பாரு. உன்கிட்டக் குடுக்கவே மாட்டேன், நீதான் சண்டைக்கு வருவே" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் எனக்கு இன்னும்தான் எரிச்சல் வந்தது.

பிறகு சொட்டுச் சொட்டாகப் பால் இறங்கியது. எடையும் ஏறியது. சீக்கிரம் குழாயை எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். அப்படிச் சொன்ன கொஞ்ச நாளில் ஒரு காலை அவள் துவண்டு கிடந்தாள். மேலெல்லாம் சாம்பல் பூத்த மாதிரி இருந்தது. மூச்சு விட்டு விட்டு வந்தது. ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். எங்கள் இரண்டு பேரையும் அறைக்குக் கூப்பிட்டு, குழாய் வழியாகக் கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது, குழாயை எடுத்துவிட்டோம், மருந்தை மாற்றியிருக்கிறோம் என்றார் டாக்டர்.

அவர் எழுந்து நின்றுவிட்டார்.

"நான் உள்ளயே வரலீங்களே சார். அப்பறம் எப்படிங்க வந்துச்சு?"

"எவ்வளவு ஜாக்கிரதையா இருந்தாலும் சில சமயம் வந்துடுதுங்க. ரொம்பச் சின்ன உடம்பு. தோல்ல இருக்கற கிருமியே போதும். நீங்க வந்திருந்தாலும், வராட்டியும்..." டாக்டர் அதோடு நிறுத்திக்கொண்டார்.

இப்போதாவது உள்ளே வாருங்கள் என்று அழுதேன். "இருக்கறது பத்தாதுன்னு நான் வேற ஒண்ணக் கொண்டுபோயிக் குடுக்கறதா?" என்றார். கதவைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார். மாற்றிய மருந்துக்கும் சீக்கு கேட்கவில்லை. மத்தியானம் போய்விட்டாள்.

நர்ஸ் ஒயர்களை எல்லாம் எடுத்துவிட்டு, வெள்ளைத் துணியில் சுற்றி என் கையில் கொடுத்தாள். அவரையும் கூப்பிட்டாள். உள்ளே வந்தவர் நேராக எங்களிடம் வரவில்லை. கழுவுகிற இடத்துக்குப் போனார். வாட்சைக் கழற்றி வைத்தார். சட்டைக் கையை மடித்துவிட்டு, முழங்கை வரை சோப்புப் போட்டார். நான் வராந்தாவில் சொன்னது ஒன்றும் விட்டுப்போகவில்லை.

"அண்ணா, இனி அது வேண்டாங்க" என்றாள் நர்ஸ், மெதுவாக.

அவர் காதில் விழவில்லை. மருந்தைத் தேய்த்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார். நான் அவளை நீட்டினேன். வாங்கவில்லை.

"இரு புள்ள. கை இன்னும் ஈரமா இருக்குது. பாப்பாவுக்குக் குளுரும்."

இந்த மனுஷனைப் பேசாத பேச்செல்லாம் பேசியவள் நான். அவர் கை காய்கிற வரைக்கும் அவளை நீட்டியபடியே நின்றேன்.