கரடிக் கார்ட்டூனில் நின்றுபோன ரீவி

எங்கள் வீட்டு றிமோட் வேலை செய்யாமல் போன நாளில் எனக்கு எட்டு வயது. வெகுகாலம் அதை என் நல்ல நாட்களில் ஒன்றாகவே எண்ணியிருந்தேன். காற்று மோசமாக வீசுகிறது என்று பள்ளிக்கூடத்தை இடையிலேயே விட்டுவிட்டார்கள். வீட்டுக்கு ஓடிவந்து ரீவியைப் போட்டால் கரடிக் கார்ட்டூன். அதை மாற்ற எவராலும் முடியவில்லை. எட்டு வயதுப் பிள்ளைக்கு அதற்குமேல் என்ன வேண்டும்?

சுருவில் என்ற எங்கள் ஊரில் வீட்டு வாசலில் நின்றால் கடல் தெரியும். அப்பாவும் பெரியப்பாவும் ஒரே வள்ளத்தில் தொழிலுக்குப் போவார்கள். விடியமுதல் போனால் வெயில் ஏறமுதல் கரைக்கு வந்துவிடுவார்கள். அன்று மத்தியானம் கடந்தும் அவர்கள் வரவில்லை. அப்பாவின் போனுக்கு எடுத்தால் மணியே போகவில்லை. பெரியப்பா போன் வைத்திருப்பதில்லை. அதன் சத்தத்துக்கு மீன் ஓடிவிடும் என்பது அவருடைய கொள்கை.

பக்கத்து வளவிலிருந்து பெரியம்மா வந்து எங்கள் வீட்டுக் கதிரையில் குந்தியிருந்தார். அம்மா யன்னலோரத் தட்டில் இருந்த மாதா சுரூபத்துக்கு மெழுகுதிரி கொளுத்தினார். கொளுத்தக் கொளுத்தக் காற்று அணைத்தது. கடைசியில் சுரூபத்தைத் தூக்கிவந்து, காற்றுப் படாத இடமாகப் பார்த்து, ரீவி மேசையில் டிஷ் பெட்டிக்கு முன்னால் வைத்தார். அங்கே திரி நின்று எரிந்தது.

“நியூசைப் போடு பிள்ளை. காத்து எந்தப் பக்கம் எண்டு சொல்லுவாங்கள்,” என்றார் பெரியம்மா, அம்மாவிடம்.

அம்மா றிமோட்டை அமத்தினார். கரடி மரத்திலிருந்து விழுந்தது. இன்னும் பலமாக அமத்தினார். கரடி எழுந்து மறுபடி ஏறியது. டிஷ் பெட்டியில் அணைக்கிற பொத்தானைத் தவிர வேறு பொத்தான் இல்லை. றிமோட் இல்லாவிட்டால் அது விட்ட இடத்திலேயே நிற்கும்.

அம்மா றிமோட்டை உள்ளங்கையில் தட்டினார். பற்றறிகளைக் கழற்றி உருட்டிப் போட்டார். பெரியம்மா அவற்றை வாங்கிப் பல்லால் கடித்துக் கொடுத்தார். அதுவும் சரிவராததால் அம்மா கதிரையில் ஏறிச் சுவர் மணிக்கூட்டின் பற்றறியைக் கழற்றினார்.

“மணிக்கூட்டை நிப்பாட்டிப்போட்டு எப்பிடி நேரம் பாக்கிறது?” என்று பெரியம்மா கேட்டார்.

“பாத்து என்ன செய்யப்போறம் அக்கா?”

அம்மா மணிக்கூட்டுப் பற்றறியைப் போட்டு அமத்தினார். கரடி மறுபடி விழுந்தது.

சித்தப்பா வந்தார். அப்பாவின் தம்பி. கடல் தனக்கு ஒத்துவராது என்று ஓட்டோ ஓட்டுபவர். காலையிலிருந்து இறங்குதுறைக்கும் வீட்டுக்குமாக அலைந்துகொண்டிருந்தார்.

“மற்ற வள்ளங்கள் எல்லாம் வந்திட்டுது அண்ணி. தேடிப் போறதுக்கும் ஒருத்தரையும் இறங்க விடுகினம் இல்லை. காத்து தணியட்டுமாம்.”

அம்மா கையிலிருந்த றிமோட்டை நீட்டினார். “தம்பி, இதை ஒருக்காப் பாரும்.”

சித்தப்பா றிமோட்டையும் அம்மாவின் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு வாங்கிக்கொண்டு நிலத்தில் சம்மணம் கட்டி உட்கார்ந்துவிட்டார். பற்றறி படுகிற கம்பிச்சுருளைச் சேட்டு நுனியால் துடைத்தார். தன் போனின் கமராவைத் திறந்து, றிமோட்டின் முனையை அதற்கு நேரே பிடித்து அமத்தினார். வெறுங்கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்சம் போன் திரையில் ஊதா நிறத்தில் மின்னியது. நான் அதைப் பார்க்க ஓடிப்போனேன்.

“றிமோட்டிலை பிழையில்லை, அண்ணி. இது உயிரோடைதான் இருக்குது.”

அதைக் கேட்டதும் பெரியம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழத் தொடங்கிவிட்டார். பெரியம்மாவுக்கு எங்கள் றிமோட்டில் இவ்வளவு பாசமா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

அப்படியானால் பிழை டிஷ் பெட்டியில் என்று சித்தப்பா முடிவு கட்டினார். பிளக்கைக் கழற்றி, சற்றுப் பொறுத்து மாட்டினார். திரை நீலமானது. எல்லாரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு கரடி வந்தது. நான் கைதட்டினேன். அம்மா ஏசவில்லை. சித்தப்பா போய் ஓட்டோவிலிருந்து திருப்புளியை எடுத்துவந்தார். பெட்டியைத் திறக்க வேண்டாம் என்று ஒருவரும் தடுக்கவில்லை.

அவர் பெட்டிக்குக் கை நீட்டும்போதுதான் ஒழுங்கையில் உழவு இயந்திரச் சத்தம் கேட்டது. அதன் பின்னால் இழுபட்டு வந்த பெட்டியில் இரண்டு பேர் நனைந்த சாக்கைப் போர்த்துக்கொண்டு இருந்தார்கள். முதலில் குதித்தவர் பெரியப்பா. அவருக்குப் பின்னால் அப்பா.

“எஞ்சின் தண்ணி குடிச்சிட்டுது. காத்து இழுத்துக்கொண்டுபோய் மண்கும்பான் கரையிலை ஏத்திவிட்டது. போன் கடலோடை போயிட்டுது,” என்று அப்பா படலையிலிருந்தே சத்தமாகச் சொல்லிக்கொண்டு வந்தார்.

அம்மா வாசலை மறித்து நின்றார். “சேத்துக் காலோடை உள்ளுக்கை வராதையுங்கோ. கழுவிப்போட்டு வாங்கோ.”

அப்பா கிணற்றடிக்குப் போய்க் கால் கழுவிவந்தார். நேரே ரீவி மேசைக்குப் போய் மாதா சுரூபத்தை இரண்டு கையாலும் தூக்கி முத்தமிட்டார்.

அந்தக் கணத்தில் கரடி மறைந்தது. ஒருத்தி பாடினாள். ஒருவர் சமைத்தார். பந்து விளையாட்டு வந்தது. எங்கோ ஒரு அமைச்சர் நாடா வெட்டிக்கொண்டிருந்தார். பார்த்தால், நிலத்தில் கிடந்த றிமோட்டை எடுத்து வைத்திருந்த பெரியம்மா தன்னை அறியாமல் அமத்தியபடி இருக்கிறார்.

அப்பா சுரூபத்தைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். “மாதாவைக் கொண்டுவந்து பெட்டியின்ரை கண்ணுக்கு முன்னாலை நிப்பாட்டினால் றிமோட் எப்பிடியப்பா வேலை செய்யும்?”

முதலில் சிரித்தவர் பெரியப்பா. சித்தப்பா திருப்புளியை மெதுவாகக் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அம்மா சிரிக்கத் தொடங்கி, நிற்க ஏலாமல் சுவரைப் பிடித்து, அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். கன்னமெல்லாம் கண்ணீர். பெரியம்மாவும் அவருக்குப் பக்கத்தில் குந்த, இரண்டு பேரும் ஒருவர் தோளில் ஒருவர் முகத்தை வைத்துக்கொண்டார்கள். நாடா வெட்டி முடிந்து செய்தி வேறு எங்கோ போய்விட்டது. காற்று எந்தப் பக்கம் என்று ஒருவரும் கேட்கவில்லை.

காற்று அடங்கிப் பள்ளிக்கூடம் தொடங்கியதும் நான் இதையெல்லாம் ரீச்சரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். “எங்கட வீட்டு றிமோட் பழுதாப்போச்சுது ரீச்சர். பெரியம்மா அழுதவ. பிறகு சரிவந்திட்டுது. அதுக்கும் எல்லாரும் அழுதவை.”

ரீச்சர் எழுதிக்கொண்டிருந்த சோக்கைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கிட்ட இழுத்தார்.

“அப்பா வந்திட்டாரோ பிள்ளை?”

“ஓம் ரீச்சர். அவரும் வந்தவர்,” என்றேன். நான் றிமோட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கையில் இவர் ஏன் அப்பாவைக் கேட்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை.