கண்டக்டர் தட்டிய கதவு

ஓய்வு பெற்று வருஷங்கள் ஓடிவிட்டன. ஆனாலும் தெருவில் அவருக்குக் கண்டக்டர் என்றுதான் பெயர். சும்மா சொல்லக் கூடாது, பொருத்தமான பெயர்தான். பேருந்தில் கால் வைத்துவிட்டால் அந்த மனுஷனுக்கு உற்றார் உறவினர் என்று யாரும் கிடையாது. பெண்டாட்டி ஏறினாலும் டிக்கெட், மச்சான் ஏறினாலும் டிக்கெட்.

மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் ஒருநாள், காசைத் தொலைத்துவிட்டு அவர் வண்டியில் ஏறினாள். அன்றைக்கென்று பார்த்து டிக்கெட் பரிசோதகர் உள்ளே நின்றிருந்தார். "அப்பா" என்று பிள்ளை வாயெடுப்பதற்குள், "யாரும்மா நீ? டிக்கெட் இல்லேன்னா இறங்கு" என்று அடுத்த நிறுத்தத்தில் இறக்கிவிட்டார். டிரைவர் முதுகுக்குப் பின்னால் இருந்த தகட்டில் காசால் இரண்டு தட்டு. வண்டி போயே போய்விட்டது. பிள்ளை வெயிலில் நடந்து வீடு வந்து சேர்ந்தது. அன்று இரவு மனைவி அவருக்குச் சோறு போடவில்லை. பட்டினியாகப் படுத்தாரே ஒழிய, செய்தது தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. கல்நெஞ்சுக்காரர்.

அந்தப் பெண் இன்றைக்கு விமானப் பணிப்பெண். யார் தயவும் இல்லாமல், முட்டி மோதிப் பிடித்த வேலை. தாய் போன பிறகு தகப்பனைத் தனியே விட மனசில்லாமல் தன்னோடு அழைத்துப் போகிறாள், தான் வேலை பார்க்கும் விமானத்திலேயே. ஊழியர் குடும்பத்துக்கு உண்டான சலுகை டிக்கெட் வேண்டாம் என்று அவர் அடம்பிடித்துச் சொந்தக் காசில் வாங்கினார். திருந்துகிற ஆளா என்ன?

"ஏறினதுக்கப்புறம் நான் உங்க பொண்ணு இல்ல, சரியாப்பா? டூட்டி" என்று விமான நிலைய வாசலில் சொன்னாள்.

"எனக்கே சொல்லித் தர்றியா?" என்று சிரித்தார்.

இடம் இரண்டாவது வரிசையில். பக்கத்தில் கைக்குழந்தையோடு ஒருத்தி. விமானம் மேகத்துக்குள் நுழைந்ததும் தூக்கித் தூக்கிப் போட்டது. குழந்தை இரண்டு தடவை வாந்தி எடுத்து, வீறிட்டு அழுதது. தாய்க்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை.

"பெரியவரே, கொஞ்சம் மெதுவாப் போகச் சொல்லுங்களேன். புள்ளை துவண்டு போச்சு."

யாரிடம் போய் எதைச் சொல்கிறாள் பாருங்கள். ஆயுசு முழுக்க அந்தச் சொல்லுக்கு எழுந்து நின்ற மனுஷன் சும்மா உட்காருவாரா? இருக்கை வாரை அவிழ்த்துக்கொண்டு எழுந்தார். முன்பக்கம் நிற்க வேண்டிய பணிப்பெண் கழிப்பறைக்குள் இருந்தாள். மகள் கடைசி வரிசையில் தள்ளுவண்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். விமானி அறைக் கதவின் முன்னால் நின்று, சட்டைப் பையிலிருந்து ஒரு காசை எடுத்து, ஓங்கி ஒரு தட்டு. ஒன்று என்றால் நிறுத்து, இரண்டு என்றால் போ. எந்த டிரைவருக்கும் தெரியுமே. இவர்களுக்குத் தெரியவில்லை. உள்ளங்கையால் அடித்தார். அதற்கும் பதிலில்லை என்றதும் கைப்பிடியைப் பிடித்துத் திருகினார்.

உள்ளே இருந்தவர்கள் என்ன நினைப்பார்கள்? வெளியே கூப்பிட்டுப் பார்த்தார்கள். முன்பக்கத் தொலைபேசியை எடுக்க ஆளில்லை. விமானம் கடத்தப்படுகிறது என்று தரைக்குச் சொல்லும் எண்ணைத் தட்டிவிட்டார்கள்.

அதற்குள் மகள் ஓடி வந்து அவர் தோளைப் பிடித்தாள். முகத்தில் ஈயாடவில்லை.

"சார், போய் உங்க சீட்ல உட்காருங்க."

சார். அவர் போய் உட்கார்ந்தார். அவள் விமானிகளிடம் விஷயத்தைச் சொன்னாள், அவர்களும் தரைக்குச் சொன்னார்கள். யார் நம்புவது? கழுத்தில் கத்தியை வைத்துக்கொண்டு அப்படிச் சொல்லச் சொல்கிறார்களோ என்னவோ என்றுதான் தரையில் நினைப்பார்கள். ஒரு தடவை தட்டிவிட்டால் பிறகு இல்லை என்று சொன்னாலும் எடுபடாது, அந்த எண்ணுக்கு அப்படி ஒரு சாபம்.

விமானம் இறங்கி, கட்டடங்களை விட்டு விலகி, ஓடுபாதையின் கடைக்கோடியில் போய் நின்றது. ஜன்னலுக்கு வெளியே துப்பாக்கிக்காரர்கள் குனிந்து ஓடி வந்தார்கள். எல்லாரும் கைகளை முன் இருக்கையின் மேல் வைக்கச் சொல்லி அறிவிப்பு வந்தது. மகளின் குரல்தான். சொல்லுக்குச் சொல் நடுங்கியது. கண்டக்டருக்கு அப்போதுதான் பயம் வந்தது. தன் உயிரைப் பற்றிக்கூட அல்ல. கதவை உடைக்கப் பார்த்தவன் பணிப்பெண்ணின் தகப்பன் என்று தெரிந்தால், உள்ளே இருந்து உதவியது யார் என்று கேட்கவா போகிறார்கள்? அவள் தலையில்தான் விடியும். வேலை போகும். ஜெயில் என்றாலும் ஜெயில்தான்.

கதவு திறந்தது. கவசம் போட்டவர்கள் இரண்டு பக்கமும் துப்பாக்கியை நீட்டியபடி வந்தார்கள். "கதவைத் தட்டினது யாரு?" என்றார் அதிகாரி. வரிசை வரிசையாக விரல்கள் அவரைக் காட்டின. பக்கத்தில் இருந்தவள் குழந்தையின் தலைமேல் முகத்தைப் புதைத்துக்கொண்டாள், தான் சொல்லித்தான் எழுந்தார் என்று வாயைத் திறக்கவில்லை. அவரை நடைபாதையில் மண்டியிட வைத்துக் கைகளைப் பின்னால் கட்டினார்கள்.

"கூட வந்தது யாரு?"

"ஒருத்தரும் இல்லீங்க."

"இந்த ஃப்ளைட்ல யாரையாவது தெரியுமா?"

"யாரையும் தெரியாதுங்க."

கணக்கில் ஒரு நாளும் பொய் எழுதாத ஆள். எவ்வளவு சுத்தமாகச் சொன்னார் தெரியுமா? அதிகாரி நம்பியேவிட்டார்.

பின்னாலிருந்து செருப்புச் சத்தம் கேட்டது. மகள் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நடைபாதையில் வந்துகொண்டிருந்தாள்.

"நில்லு. சுட்டுருவேன்."

நின்றாள். "அவர் எங்கப்பா" என்றாள்.

"இந்தப் பொண்ணு யாருன்னே தெரியாதுங்க" என்று கண்டக்டர் பதறினார். "பயத்துல ஏதோ உளறுது. விட்டுடுங்க."

"அன்னிக்கும் இப்படித்தாம்ப்பா தெரியாதுன்னீங்க. நான் மட்டும் இறங்கி நடந்தேன்." அவள் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, துடைக்கக் கையை இறக்க முடியவில்லை. "இன்னிக்கு ரெண்டு பேரும் இறங்குவோம்."

அவள் கையையும் கட்டினார்கள். ஏணிப்படியில் முன்னே அவர், பின்னே அவள். கீழே சிமெண்டுத் தரை வெயிலில் கொதித்தது. கட்டடம் தொலைவில் இருந்தது, வண்டி எதுவும் வரவில்லை. நடக்கச் சொன்னார்கள்.

கண்டக்டரால் அழுகையை அடக்க முடியவில்லை. "வேலை போயிடுமே பாப்பா."

"போனாப் போகட்டும். பாத்து நடங்கப்பா."

கொஞ்ச தூரம் போனதும் தன்னைக் கொண்டுபோன காவலரிடம் கேட்டார்:

"ஐயா, எம்பொண்ணு என் பக்கத்துல நடந்து வரலாமா?"