பல் இருக்கும்போதே ஒரு பதிவு

என் மேல்வரிசை முன்பற்கள் இரண்டையும் பிடுங்கியே ஆகவேண்டும் என்று பல் டாக்டர் சொன்னபோது, வலியைப் பற்றியோ அழகைப் பற்றியோ நான் கவலைப்படவில்லை. அழகு விஷயத்தில் இழப்பதற்கு என்னிடம் பெரிதாக ஒன்றும் இருந்ததில்லை. என் கவலையெல்லாம் முகர்சிங்கைப் பற்றி.

முகர்சிங்கைப் பார்த்திராதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் இரும்பு வாத்தியம் அது. லாடம் மாதிரி வளைந்திருக்கும். நடுவில் மெல்லிய கம்பி ஒன்று நாக்குப் போல நீட்டிக்கொண்டிருக்கும். வளைவை முன்பற்களில் அணைத்துப் பிடித்துக்கொண்டு அந்தக் கம்பியின் நுனியை விரலால் சுண்டவேண்டும். மற்றதெல்லாம் வாய்க்குள் நடக்கிற வேலை. முன்பல் இல்லாதவன் முகர்சிங் வாசிப்பது, பலகையே இல்லாமல் கேரம் ஆடுவது மாதிரி.

எண்பதுகளின் தொடக்கம் அது. நான் திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில் ஒரு தனியார் பஸ் கம்பெனிக்கு டைம் கீப்பராக இருந்தேன். பகலெல்லாம் ஹாரன் சத்தம், கண்டக்டர்களோடு வாய்ச்சண்டை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து முகம் கழுவி, முகர்சிங்கைப் பல்லில் வைத்த பிறகுதான் நான் மனிதன் ஆவேன். மார்கழி பஜனைக்கும் சின்னக் கல்யாணக் கச்சேரிகளுக்கும் கூப்பிடுவார்கள். மிருதங்கக்காரர் அடிக்கிற அடியில் என் வாசிப்பு ஒருவர் காதிலும் விழாது. கச்சேரி முடிந்து பந்தியில் உட்காரும்போது, "நீங்க இன்னா சார், பாட்டா?" என்று கேட்டவர்கள் உண்டு. எனக்கு அதில் வருத்தமில்லை என்றால் அது பச்சைப் பொய்.

ஆனால் எனக்குக் கேட்கும். பல்லில் ஏறி, தாடையைப் பிடித்துக்கொண்டு போய், இரண்டு காதுக்கும் நடுவே மண்டைக்குள் நின்று சுழலும். பெரிய கோயில் மணி அடித்து ஓய்ந்த பிறகு ஒரு கார்வை இருக்குமே, அது மாதிரி. அடிவயிறு வரைக்கும் இறங்கும். மனைவியிடம்கூட நான் அதைச் சொன்னதில்லை. சொன்னால், டாக்டரிடம் காட்டலாமா என்று கேட்பாள்.

"கட்டுப்பல்லு வெச்சிக்கலாம் சார். முறுக்குகூட கடிக்கலாம்" என்று தைரியம் சொல்லி, அடுத்த வாரம் வரச் சொன்னார் டாக்டர். முறுக்கு யாருக்கு வேண்டும்? அங்கிருந்து நேரே தேரடித் தெருவில் மைக் செட் கடை வைத்திருந்த பாயிடம் போனேன். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் எங்கள் பக்கத்தில் அவருடைய குழாய் ஸ்பீக்கர்தான் கத்தும். என் பழைய சிநேகிதர். அவர் என்னை வாத்தியாரே என்று கூப்பிடுவது மரியாதையா கிண்டலா என்று கடைசிவரை நான் கண்டுபிடிக்கவில்லை.

"பாய், பல்லு போறதுக்குள்ள என் வாசிப்ப டேப்புல புடிச்சிக் குடுங்க. தனியா. மிருதங்கம் கிருதங்கம் ஒண்ணும் கூடாது" என்றேன்.

"பல்லுக்குப் பிரிவுபசார விழாவா வாத்தியாரே? செஞ்சிடலாம்!" என்றார்.

முதலில் என் வீட்டில் பதிந்து பார்த்தோம். போட்டுக் கேட்டால், என்னைவிட எதிர்வீட்டு ரேடியோ நன்றாகப் பதிவாகியிருந்தது. நடுவே எங்கள் வீட்டு குக்கர் வேறு தாளம் தப்பி விசில் அடித்தது. பாய் கொஞ்சம் யோசித்தார். அவருடைய மச்சான் மெத்தைக் கடை வைத்திருந்தார். கடைக்குப் பின்னால் பஞ்சுக் கிடங்கு. வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பிறகு கடை திறக்காது. அன்றைக்கு லீவு போட்டுவிட்டுப் போனேன். வேடிக்கை பார்க்க என் மனைவியும் பிளாஸ்கில் டீயோடு கூட வந்தாள்.

உள்ளே நாலு பக்கமும் கூரை வரைக்கும் பஞ்சு மூட்டை. கதவைச் சாத்தியதும் ஊரே காணாமல் போய்விட்டது. பாய் வழக்கம்போல மைக்கைத் தட்டி, "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்" என்றார். சொன்ன வேகத்தில் திகைத்து நின்றுவிட்டார். "இன்னா வாத்தியாரே, என் குரலே எங்கிட்ட திரும்பி வர்ல! பயமா இருக்குது" என்றார். ஊரையே அலறவைக்கிற மனுஷர் அதற்கப்புறம் அந்த அறையில் ரகசியம் போலத்தான் பேசினார்.

மூன்று மைக் கொண்டுவந்திருந்தார். ஒன்று மேடை மைக். கட்சி பேதமில்லாமல் எல்லாப் பேச்சாளர்களின் எச்சிலையும் பார்த்தது. வெற்றிலை வாசனை போகவில்லை. அதில் பதிந்தால், யாரோ தூரத்தில் தாழ்ப்பாளை ஆட்டுகிற மாதிரி இருந்தது. இரண்டாவது டேப் ரிக்கார்டருக்குள்ளேயே இருக்கிற மைக். அது முகர்சிங்கை விட்டுவிட்டுத் தன் மோட்டாரின் உறுமலையே பெருமையாகப் பதிந்துகொண்டது. மூன்றாவதுதான் பாயின் செல்லப்பிள்ளை. செங்கம் ரோட்டில் ரூம் எடுத்துத் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குப் போகும்போது பாயிடம் விற்றுவிட்டுப் போனது. பென்சில் மாதிரி ஒல்லி. பாய் அதை வெல்வெட் பையிலிருந்து எடுத்த விதத்தைப் பார்த்து, பிறந்த குழந்தையோ என்று நினைத்து என் மனைவி எட்டிப் பார்த்தாள். பக்கத்தில் யாராவது எச்சில் விழுங்கினாலும் பதிந்துவிடும் மைக் அது.

சரி, மைக் கிடைத்தது. அதை எங்கே வைப்பது? வாய்க்கு நேரே வைத்தால் புஸ் புஸ்ஸென்று மூச்சு. ஸ்டவ்வுக்குக் காற்று அடிக்கிற மாதிரி. பக்கவாட்டில் வைத்தால் வெறும் கம்பியின் டிங் டிங். தொண்டைக்குக் கீழே வைத்தபோது கொஞ்சம் தேறியது; அந்த நேரம் பார்த்து மூக்கில் பஞ்சு ஏறி நான் தும்மினேன். காதில் ஹெட்போன் மாட்டியிருந்த பாய் எழுந்து சுவரோரம் போய் நின்றுகொண்டார்.

"வாத்தியாரே, உங்களுக்கு சவுண்டு எங்க கேக்குது? அத்தச் சொல்லுங்க, அங்க வைக்கிறேன்."

நான் இரண்டு காதுக்கும் நடுவே விரலால் காட்டினேன். பாய் ஒரு நிமிஷம் என்னை முறைத்தார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து, மைக்கை என் காதோரம் எலும்பில் அழுத்தி வைத்து, மோவாயோடு சேர்த்துத் தலையைச் சுற்றி இறுக்கிக் கட்டினார். பொன்னுக்கு வீங்கி வந்த பையன் மாதிரி உட்கார்ந்து நான் வாசித்தேன். என் மனைவி வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு வெளியே ஓடினாள். போட்டுக் கேட்டால், யாரோ வைக்கோல் போரில் புரளுகிற சத்தம். என் தலைமுடியாம்.

கடைசியில் பாய் மூன்று தலையணையை அடுக்கி, அதன்மேல் மைக்கை, வாயிலிருந்து ஒரு முழம் தள்ளி, மோவாய்க்குக் கீழே சற்றுச் சாய்த்து வைத்தார். மூச்சு மைக்குக்கு மேலாகப் போய்விட்டது. பஞ்சு எல்லாச் சத்தத்தையும் தின்றுவிடுவதால், மோதித் திரும்ப ஏதாவது வேண்டும் என்று மெத்தை தைக்கிற பலகையை எதிரே நிறுத்தினார். ஹெட்போனில் கேட்டுவிட்டு, "யப்பா! இதான் எடம். அசையாதீங்க" என்றார்.

அசையாமல் வாசித்தேன். கேசட்டின் ஒரு பக்கம் முழுக்க. அன்றைக்குப் போல நான் என்றைக்கும் வாசித்ததில்லை. மண்டைக்குள் அந்தக் கார்வை நின்று சுழன்றது. இனி இது இல்லை என்ற துக்கம் அப்போதுதான் நிஜமாக வந்தது. போனால் போகிறது, டேப்பில் இருக்கிறதே என்று தேற்றிக்கொண்டேன்.

பிறகு ஹெட்போனை மாட்டிக் கேட்டேன். மழை பெய்த மறுநாள் ஏரிக்கரையில் தவளை. அவ்வளவுதான். தாளம் சுத்தமாக இருந்தது. தவளைக்குத் தாளஞானம் உண்டு என்று வேண்டுமானால் சொல்லலாம்.

"பாய், இது என்னுது இல்ல."

"வேற யாருதாம்? இங்க நீங்கதான கீறீங்க?"

"என்னுது கணீர்னு இருக்கும். கார்வை ஜாஸ்தி. இது வத்தலா கெடக்குது. வெள்ளைக்காரன் உங்கள நல்லா ஏமாத்திட்டுப் போயிட்டான்."

பாய்க்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. தன்னைத் திட்டினால் சிரிப்பார். அந்த மைக்கைத் திட்டினால் பொறுக்கமாட்டார். எனக்கும் கோபம். பஞ்சு மூட்டைகளுக்கு நடுவே சண்டைக்கோழி மாதிரி நின்றோம். எவ்வளவு கத்தினாலும் சத்தம் எடுபடாத அறையில் சண்டை போடுவதைப் போல அவமானம் வேறில்லை. சிரித்து முடித்துவிட்டு உள்ளே வந்த என் மனைவி, "குடுங்க, நான் கேக்குறேன்" என்று ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டாள். தலையை லேசாக ஆட்டிக்கொண்டே கேட்டாள்.

"நல்லாத்தானங்க இருக்குது. நீங்க டெய்லி வாசிக்கிறது அப்படியே வந்துகீது."

"இதுவா? நான் வாசிக்கிறது இதுவா?"

"இதேதான். கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து இதத்தான கேக்குறேன்?"

நான் அப்படியே ஒரு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன். இத்தனை வருஷமாக இவள் தவளையையா கேட்டுக்கொண்டிருந்தாள்? "அப்புறம் ஏண்டி ஒண்ணுமே சொல்லல?" என்றேன்.

"சொல்ல இன்னா இருக்குது? எனக்குப் புடிச்சித்தான் இருந்தது" என்று சொல்லிவிட்டு, பாய்க்கு டீ ஊற்றப் போனாள்.

பல் போயிற்று. கட்டுப்பல் வந்தது. ஆசையை அடக்கமாட்டாமல் அதில் முகர்சிங்கை வைத்துச் சுண்டினேன். கட்டுப்பல் தனி ஆவர்த்தனம் வாசித்தது, வாத்தியம் சும்மா இருந்தது. முகர்சிங்கைத் துடைத்துப் பெட்டியில் வைத்துவிட்டேன். அந்த நாட்களில் நான் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. கண்டக்டர்கள்கூட என்னோடு சண்டை போட வராமல் ஒதுங்கிப் போனார்கள். பாய் சமாதானத்துக்கு ஒரு டேப் ரிக்கார்டரையும் பழைய மரப்பெட்டி ஸ்பீக்கரையும் கொண்டுவந்து வீட்டில் தரையோரம் வைத்துக் கொடுத்தார். என் மனைவி காலையில் அரிசி களையும்போது அந்தக் கேசட்டைப் போட்டுக்கொள்வாள். நான் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் கொல்லைப்பக்கம் துணி காயப்போடப் போயிருந்தாள். கேசட் ஓடிக்கொண்டிருந்தது. என்ன தோன்றியதோ, ஸ்பீக்கர் பெட்டிக்கு முன் மண்டியிட்டு, அதன் மரவிளிம்பை மிச்சமிருந்த கடைவாய்ப் பற்களால் கடித்தேன். சட்டென்று மண்டைக்குள் சத்தம் புகுந்தது. அதேதான் என்று சொல்லமாட்டேன். அதற்கு ஒன்றுவிட்ட தம்பி முறை. ஆனாலும் அந்தக் கார்வை. காதுக்கு நடுவே நின்று சுழல்கிற அதே குணம். கண்ணை மூடிக்கொண்டு கடித்தபடியே இருந்தேன்.

"ஏங்க! பசிச்சா கேட்டு வாங்கித் துன்னக்கூடாதா? பொட்டியப் போயி கடிக்கிறீங்களே!"

கொல்லை வாசலில் ஈரத்துணியோடு நின்றிருந்தாள். பெட்டியின் இன்னொரு ஓரத்தைத் தட்டிக் காட்டி, கடி என்றேன். முதலில் பயந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு துணியைக் கொடியில் போட்டுவிட்டு வந்து, சிரித்துக்கொண்டே குனிந்து கடித்தாள். அவளுக்கு முன்பல் எல்லாம் பத்திரமாக இருந்தது. சிரிப்பு நின்றது. கண் அகல விரிந்தது. வெகுநேரம் பல்லை எடுக்கவேயில்லை. எடுத்ததும் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"இத்தையா இவ்ளோ வருஷமா தனியா கேட்டுக்கினு இருந்தீங்க?"

டேப்பைச் சுற்றி முதலிலிருந்து போட்டேன். இருவரும் ஆளுக்கொரு முனையைக் கடித்துக்கொண்டு கேட்டோம்.