வாறனுக்கு முன்னறிவித்தல் தேவை

கனடாவில் கவலையைச் சொல்வதற்கு முன் கையெழுத்து வைக்கவேண்டும். உளவளத்துணையாளர் லின்டா முதல் நாளே ஒரு தாளை நீட்டினார். முன்பக்கத்தில் என் உரிமைகள்: நான் சொல்வது வெளியே போகாது; அவருடைய தகுதியைக் கேட்கலாம்; பிடிக்காத கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்கலாம்; எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம். பின்பக்கத்தில் என் பொறுப்புகள்: உண்மை பேசவேண்டும், வரமுடியாவிட்டால் இருபத்துநான்கு மணிநேரம் முன்னதாக அறிவிக்கவேண்டும். மட்டக்களப்பில் பத்திரிகை ஒன்றில் ஒப்புநோக்கிய பழக்கத்தில், ஓர் எழுத்துப்பிழையைத் திருத்திவிட்டுத்தான் ஒப்பமிட்டேன்.

என் கவலை இதுதான். எங்கள் ஊரான பெரியகல்லாற்றில் இருக்கும் அக்காவின் அழைப்பை நான் எடுப்பதில்லை. எடுத்தால், “எப்ப மனே வாறாய்?” என்பார். “சித்திரைக்கு வாறன்” என்பேன். போகமாட்டேன். என்னை நம்பி அக்கா ஒவ்வொரு சித்திரைக்கும் வீட்டுக்குப் பெயின்ற் அடிப்பார். நான்கு வருடம், நான்கு நிறம். ஐந்தாம் வருடம் தொலைபேசி அடித்தபோது குளியலறைக்குள் ஓடி ஒளிந்தேன். தொலைபேசி என் சட்டைப்பையில்தான் இருந்தது. அதைக் கேட்ட குடும்ப வைத்தியர்தான் லின்டாவிடம் அனுப்பினார்.

முதல் நாள் நேரம் முடிந்ததும் ஊர்ப்பழக்கத்தில் “ஐ ஆம் கமிங்” என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

“அன்றைக்கு எங்கே போனீர்கள்?” என்று அடுத்த கிழமை லின்டா கேட்டார். “கால்மணிநேரம் கதவைத் திறந்துவைத்துக் காத்திருந்தேன்.”

எங்களூரில் புறப்படுகிறவர் ‘போறன்’ என்று சொல்லக்கூடாது, ‘வாறன்’ என்றுதான் சொல்லவேண்டும், செத்தவீட்டில் மட்டும் எதுவும் சொல்லாமல் நடக்கவேண்டும் என்று விளக்கினேன். ஒருமுறை செத்தவீடொன்றில் வாய்தவறி ‘வாறன்’ சொல்லிவிட்டேன். அத்தான் என்னைச் சட்டையில் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தார். “அடுத்த ஆளுக்கு நாள் வைக்கிறியா மச்சான்?”

லின்டா எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். “அப்படியானால் அக்காவிடம் சொன்ன ‘வாறன்’ எது? வருவதா, போவதா?”

பதில் சொல்லாமலிருக்கும் உரிமையைப் பயன்படுத்தினேன். அவர் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் விரலை வைத்தார். “எனக்கு இருபத்துநான்கு மணிநேரம். அக்காவுக்கு?”

அன்றே அக்காவை அழைத்தேன். “அக்கா, இந்தச் சித்திரைக்கும் வரமாட்டன்.”

மறுமுனையில் மீன்காரரின் கோர்ன் சத்தம் கேட்டது. அதையும் மீறி அக்கா அத்தானைப் பார்த்துக் கத்தினார். “இஞ்சாருங்க, அந்தப் பெயின்ற் வாளியத் திறக்காதீங்க!” என்னிடம் குரலைத் தணித்தார். “இத முதலே சொல்றதுக்கு என்ன? நீ இருக்கிறியோ இல்லையோ எண்டு தெரியாம நான் கிடந்து சாகிறன். வராட்டிப் பரவாயில்ல மனே, போன எடு.”

“ஓம் அக்கா. அத்தான் என்ன சொல்றார்?”

“திறந்தாச்சாம். மஞ்சள்.”

இப்போது ஞாயிறுதோறும் அக்காவோடு பேசுகிறேன். ஆகவே கடந்த செவ்வாய்க்கிழமை, நிறுத்தும் உரிமையைப் பயன்படுத்த லின்டாவிடம் போனேன். நன்றி சொன்னேன், கைகொடுத்தேன். ‘குட் பை’ என்ற சொல்லை பஸ்ஸிலேயே பலமுறை சொல்லிப் பார்த்திருந்தேன். ஒரு கால் வாசலைத் தாண்டியதும் நாக்கு தன்பாட்டில் “ஐ ஆம் கமிங்” என்றது.

லின்டா சிரிக்காமல் நாட்குறிப்பைத் திறந்தார். “எத்தனையாம் திகதி?”

அக்கா இத்தனை வருடமும் கேட்டது இதைத்தான். இருவருக்கும் சொல்ல என்னிடம் திகதி இல்லை. ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே என்று நின்றேன்.

“கதவைச் சாத்துங்கள், குளிர் வருகிறது” என்றார் லின்டா. எந்தப் பக்கம் நின்று சாத்துவது என்று அவர் சொல்லவில்லை.