நான் மெதுவாகப் பேசிய காலை

எனக்குக் குரல் பெரிசு. திரேஸ்புரத்தில் என் வீட்டுக்குள் நின்று நான் பேசினால், தெருவில் படகுத்துறைக்குப் போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். கோபமும் சட்டென்று வரும், வந்த வேகத்தில் போய்விடும். இந்தக் குரலை வைத்துக்கொண்டுதான் பத்துப் பிள்ளைகளைப் பகலெல்லாம் வீட்டில் பார்த்துக்கொள்கிறேன். அம்மாமார் மீன் கம்பெனிக்கும் உப்பளத்துக்கும் போய்விட்டு வருகிறவரைக்கும் அத்தனை வாண்டுகளுக்கும் நான்தான் அத்தை.

இதற்கெல்லாம் பதிவு வேண்டும், அதிகாரி வந்து பார்த்து மதிப்பெண் போட வேண்டும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. பார்ப்போம், பார்ப்போம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். அப்போதுதான் அடுத்த தெருப் பெண் ஒருத்திக்குத் துறைமுகத்துப் பக்கம் லாரி எடை பார்க்கும் இடத்தில் கம்ப்யூட்டர் வேலை கிடைத்தது. புருஷன் இல்லாதவள், கையில் இரண்டரை வயதுப் பெண் பிள்ளை. பதிவு பெற்ற இடத்தில்தான் பிள்ளையை விட்டிருக்கிறாள் என்று சான்று காட்டினால்தான் வருகிற மாதம் முதல் திங்கட்கிழமை சேர்த்துக்கொள்வோம் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள்.

“மைனி, உங்களத்தான் நம்பியிருக்கேன்” என்று வந்து நின்றாள்.

“கண்ணத் தொடைளா. அவிய என்ன கேக்காவளோ அத்தனையும் செஞ்சிருவோம். நாளையிலேருந்தே பிள்ளயக் கொண்டாந்து விடு, எங்கிட்டப் பழகட்டும்” என்றேன். அந்தக் குட்டியோடு பிள்ளைகள் பதினொன்று ஆயிற்று.

விண்ணப்பம் போட்டதும் அதிகாரியம்மா வந்து சுற்றிப் பார்த்தார். சிலிண்டரைக் கொல்லைக்கு மாற்றச் சொன்னார். தண்ணீர்த் தொட்டிக்குப் பூட்டுப் போட்ட மூடி, பிளக் துளைகளுக்கு அடைப்பு, சுவரில் தீயணைக்கும் கருவி. எல்லாவற்றையும் பத்தே நாளில் செய்து முடித்தேன். மறுபடி வந்துதான் மதிப்பெண் போடுவேன் என்று கேள்விப் படிவத்தின் நகல் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அதில் கடைசி வரி, ‘பராமரிப்பாளர் குழந்தைகளிடம் குரலை உயர்த்துவதில்லை.’

அதை இரண்டு தடவை படித்தேன். தொட்டிக்கு மூடி போட்டாயிற்று, இந்த வாய்க்கு எங்கே போய் மூடி வாங்குவது?

அவர் மறுபடி வருகிற அன்று கஞ்சி போட்ட சேலை கட்டிக்கொண்டேன். வாசலில் ஜீப் சத்தம் கேட்டதும் ரேடியோவில் செய்தி வாசிக்கிற மாதிரி, “குழந்தைகளே, அமைதியாக உட்காருங்கள்” என்றேன்.

பதினொரு பேரும் என்னையே வெறித்துப் பார்த்தார்கள். நாலு வயதுக்காரி ஒருத்தி எழுந்து வந்து என் நெற்றியில் கையை வைத்து, “அத்தைக்கு மேலுக்குச் சரியில்லையா?” என்று கேட்டாள். இன்னொருத்தி என் முகத்தைப் பார்த்துப் பார்த்து அழ ஆரம்பித்துவிட்டாள். அட கொடுமையே, நான் அன்பாகத்தானே பேசினேன்!

அதிகாரியம்மா தொட்டியைப் பார்த்தார், சிலிண்டரைப் பார்த்தார், வரிசையாக டிக் போட்டார். பிறகு நேரம் பார்க்கச் செல்போனை எடுத்தார். “தீப்பிடிச்சா பிள்ளைங்கள எப்படி வெளியே கொண்டு போவீங்க? செஞ்சு காட்டுங்க. ரெண்டு நிமிஷத்துல எல்லாரும் கேட்டுக்கு வெளியே நிக்கணும். இது தேறலன்னா பதிவு கிடையாது.”

அது எனக்குப் பெரிய விஷயமே இல்லை. சாயங்காலம் பிள்ளைகளைக் கடற்கரைக்குக் கூட்டிப் போக முடிச்சுப் போட்ட கயிறு ஒன்று வைத்திருக்கிறேன், ஆளுக்கு ஒரு முடிச்சு. கயிற்றை எடுத்து, “குழந்தைகளே, கயிற்றைப் பிடித்து வரிசையாக வாருங்கள்” என்றேன்.

ஒருத்தரும் அசையவில்லை. ஒருத்தி தரையில் படுத்தே விட்டாள். இன்னொரு தடவை இன்னும் இனிமையாகச் சொன்னேன். முன்பு அழுதவள் மறுபடி அழுதாள். ஒரு நிமிஷம் ஓடிவிட்டது. அதிகாரியம்மா செல்போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. போச்சு, அந்தப் பெண்ணின் வேலை என்னாலேயே போகப்போகிறது என்று நினைத்ததும் செய்தி வாசிக்கிற குரலை விட்டுவிட்டேன்.

“ஏலே! எந்திரிங்கலே எல்லாரும்! ஏளா, என்ன படுத்துக் கெடக்க? கயித்தப் பிடி! நட வெளிய!”

படுத்திருந்தவள் முதலில் எழுந்தாள். ஆளாளுக்கு முடிச்சைப் பிடித்தார்கள். புதுசாக வந்த குட்டிகூட இடம் கண்டுபிடித்துக் கையை நுழைத்துக்கொண்டாள். கேட்டுக்கு வெளியே போய் எண்ணினேன், பதினொன்று. அழுதவள் முகத்தில் சிரிப்பு. அத்தைக்குக் குணமாகிவிட்டதாம்.

“ஒண்ணு நாப்பது” என்றார் அதிகாரியம்மா. பிறகு கடைசி வரிக்கு வந்தார். “குரல உயர்த்துவீங்களா?”

இனி எதை மறைக்க? “உயர்த்துவேன் மேடம். அடிக்க மாட்டேன், கிள்ள மாட்டேன். சத்தம் போடுவேன்.”

“இதுக்கு மார்க் கிடையாது” என்று சுழி போட்டார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “அந்தச் சத்தம்தானே மேடம் பிள்ளைகள வெளிய கொண்டாந்துது!” என்றேன். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. “தீக்குச் சத்தம் போடுங்க, சோத்துக்குப் போடாதீங்க” என்றார். நியாயமான பேச்சுத்தான்.

சனிக்கிழமை சான்றிதழ் வந்தது. முதல் தரம் இல்லை, இரண்டாம் தரம். அந்தப் பெண் தரத்தையா பார்த்தாள்? என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

திங்கட்கிழமை காலை பிள்ளையை விட்டுவிட்டு, கேட்டுவரைக்கும் போய் மூன்று தடவை திரும்பிப் பார்த்தாள். பிள்ளை தலையைத் தூக்கவில்லை, பொம்மை லாரியில் மண் ஏற்றிக்கொண்டிருந்தாள். “போளா, பஸ்ஸு போயிரும்” என்று விரட்டிவிட்டேன்.

பதினொரு மணிக்குப் போன் வந்தது. “மைனி, அழுதாளா?”

நான் பிள்ளையைப் பார்த்தேன். அடுத்தவள் தட்டிலிருந்து முறுக்கைப் பிடுங்கித் தின்றுகொண்டு கெக்கெக்கேயென்று சிரித்தாள். காலையிலிருந்து ஒரு தடவைகூட அம்மா என்று சொல்லவில்லை.

“நீ போன பொறவு கொஞ்ச நேரம் அழுதா” என்றேன். “வாசலையே பாத்துக்கிட்டு நின்னா. இப்பம் சரியாயிட்டா, நீ வேலயப் பாரு.”

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. “என்னத் தேடுனாளா மைனி?” என்று மறுபடியும் கேட்டாள். குரலில் அவ்வளவு சந்தோஷம்.