நான்கு அந்தோணிகளும் ஒரு துரைப் பெயரும்

அன்று அந்த எஸ்டேட் ஆபீஸ் அறையில் இருந்தவர்கள் ஆறு பேர். நான், என் மனைவி, என் மகள், மாப்பிள்ளையாக வரவேண்டிய பையனின் அப்பா, அவருடைய அக்கா, கணக்கு எழுதும் எஸ்டேட் ரைட்டர். பதினெட்டு வருடம் ஆகிறது. நாகலூர்ப் பக்கம் காப்பிப் பழம் பறிப்பு நடந்துகொண்டிருந்த மாதம்.

எனக்கு ஏற்காட்டில் பழக்கடை. எட்டாவதோடு படிப்பை விட்டவன். எதற்கெடுத்தாலும் பயப்படுவேன். பஸ் ஐந்து நிமிடம் தாமதமானால் மலைப்பாதையில் கவிழ்ந்துவிட்டது என்றே முடிவு கட்டிவிடுவேன். ஆனால் எல்லாவற்றையும் விடப் பெரிய பயம் எங்கள் பெயர்.

எங்கள் குடும்பத்தில் ஆண்களின் பெயருக்குப் பின்னால் ஒரு இங்கிலீஷ் பெயர் வரும். அதை இங்கே எழுதினால் நான் யாரென்று பாதி ஏற்காட்டுக்குத் தெரிந்துவிடும், அதனால் எழுதவில்லை. தோட்டக் கூலி வேலை பார்த்த குடும்பத்துக்குத் துரைப் பெயர் எப்படி வந்தது? 'துரை பெத்த வம்சம்' என்று பள்ளிக்கூடத்தில் கேலி செய்வார்கள். படிப்பை விட்டதற்கு வறுமைதான் காரணம் என்று சொல்லிக்கொள்வேன். பாதிக் காரணம் அந்தக் கேலி. கடைப் பலகை, ரேஷன் கார்டு, எதிலும் அந்தப் பெயரை நான் எழுதியதில்லை. சர்ச் புத்தகத்தில் மட்டும் அது இருந்துகொண்டே இருந்தது.

மகளுக்கு வாழவந்தியிலிருந்து சம்பந்தம் வந்தது. இருவருக்கும் பிடித்துப்போயிற்று. சர்ச்சில் கல்யாண ஓலை வாசிப்பதற்காக மகளின் ஞானஸ்நானச் சான்றிதழ் வாங்கினோம். பையனின் அத்தை அதை வாங்கிப் பார்த்துவிட்டு, என் பெயரோடு இருந்த அந்தத் துரைப் பெயர் மேல் விரலை வைத்தார்.

"இதென்னங்க துரை பேரு? எந்த வழியில வந்துச்சுங்க? நாளைக்கு எங்கூட்டுப் பேரன் பேத்திய நாலு பேரு கேட்டா நாங்க என்னன்னு சொல்றது?"

பையனின் அப்பா நல்ல மனிதர், ஆனால் அக்கா பேச்சைத் தட்டாதவர். "எப்படி வந்துச்சுன்னு மட்டும் காட்டிப்போடுங்க. அடுத்த நாளே நிச்சயம் வெச்சுக்கலாம்" என்றார்.

மூன்று நாள் நான் கடையைத் திறக்கவில்லை. சேலத்தில் நர்ஸ் படிப்பு முடித்திருந்த மகள்தான், "தேடிப் பாக்கலாங்கப்பா. அப்படியே துரை வழியா இருந்தாலும் அதுல நம்ம தப்பு என்னங்கப்பா?" என்றாள். எனக்குப் பதில் சொல்லத் தைரியமில்லை.

அவளே சர்ச்சுக்குப் போய்ப் பழைய புத்தகத்தைப் பார்த்துவிட்டு வந்தாள். என் தாத்தாவின் ஞானஸ்நானப் பதிவிலேயே அவருடைய அப்பா அந்தோணிக்கு அந்தத் துரைப் பெயர் ஒட்டியிருந்தது. வேலை, காப்பித் தோட்டக் கூலி. எந்தத் தோட்டம் என்றும் எழுதியிருந்தது. அந்தத் தோட்டத்தில்தான் பையனின் அப்பா முப்பது வருடம் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றிருந்தார். அதனால் ரைட்டரிடம் அனுமதி வாங்குவது சுலபமாயிற்று. ஆறு பேரும் அந்த அறையில் கூடியது இப்படித்தான்.

ரைட்டர் ஒரு தகரப் பெட்டியைத் திறந்தார். கரையான் தின்றது போகக் கூலியாட்களின் பேர்ப் பதிவுப் புத்தகங்கள் ஏழெட்டு மிச்சம். ஒட்டிக்கொண்ட தாள்களை ஈர்க்குச்சியால் பிரித்துப் பிரித்துப் பார்த்தார். ஒரு மணி நேரம் கழித்து, "இருக்குதுங்க, அந்தோணி" என்றார். துரைப் பெயரையும் சேர்த்துப் படித்தார். "அடுத்த கட்டம் தகப்பன் பேரு..."

அந்தக் கட்டம் காலியாக இருந்தால்? அல்லது வேறு ஏதாவது எழுதியிருந்தால்?

"போதுமுங்க ரைட்டர், மூடிப்போடுங்க" என்றேன்.

"நீங்க படிங்க சார்" என்றாள் மகள்.

"தகப்பன் பேரு சின்னான். ஊரு அடிவாரம்."

என் மனைவி விட்ட பெருமூச்சு அந்த அறைக்கே கேட்டது. அத்தை விடவில்லை. "அப்பன் பேரு சரிங்க. துரை பேரு எதுக்கு ஒட்டிக்கிட்டுக் கிடக்குது?"

ரைட்டர் அதே பக்கத்தில் கீழே போனார். இன்னொரு அந்தோணி. அவருக்கு வேறொரு இங்கிலீஷ் பெயர். அதற்கும் கீழே இன்னும் இரண்டு அந்தோணிகள், இன்னும் இரண்டு பெயர்கள்.

அத்தை கன்னத்தில் கை வைத்தார். "நாலு அந்தோணிக்கு நாலு துரையா! ஏனுங்க, அந்தக் காலத்துல துரைமாருக்கு இந்த மலையில வேற வேலையே இல்லீங்களா?"

அப்போதுதான் பையனின் அப்பா நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"அக்கா, செத்த சும்மா இரு. நாலு அந்தோணி இருந்தா மேஸ்திரி எப்படிப் பேர் கூப்புடுவான்? எங்கிட்டயும் மூணு பேரு இருந்தாங்க. பலாமரத்துக்காட்டு அந்தோணி, ஓடைக்காட்டு அந்தோணின்னு அவங்கவங்க வேல பாக்குற காட்டுப் பேரச் சேத்துத்தான் கூப்புடுவேன். இல்லீன்னா ஒருத்தன் கூலி இன்னொருத்தனுக்குப் போயிரும். இது ஆள் பேரு இல்லீங்க, காட்டுப் பேரு! சர்ச்சுலயும் அதையே எழுதிப்போட்டாங்க."

ரைட்டர் சுவரில் மாட்டியிருந்த பழைய எஸ்டேட் வரைபடத்தின் கண்ணாடியைத் துண்டால் துடைத்தார். காப்பிக் காடு ஒவ்வொன்றிலும் ஒரு இங்கிலீஷ் பெயர். இப்போது கணக்கில் எல்லாம் வெறும் நம்பர்தான். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் ஓர் எழுத்து ஓர் எழுத்தாகக் கூட்டிக்கூட்டி எங்கள் பெயரை நானேதான் கண்டுபிடித்தேன். கிழக்குச் சரிவில் இருந்தது.

"அட, நம்ம ஒம்பதாம் நம்பர்!" என்று கத்தினார் பையனின் அப்பா. "நான் முப்பது வருசம் வேல பார்த்த காடுங்க!"

"அப்ப உம்பேரு ஒம்பதாம் நம்பராடா தம்பி?" என்றார் அத்தை. முதலில் சிரித்தது ரைட்டர். அதன் பிறகு எங்கள் யாருக்குமே சிரிப்பு நிற்கவில்லை. அந்த அம்மாள் என் மகளின் கன்னத்தை வழித்து, "நொம்ப அலைய வெச்சுட்டேனா கண்ணு?" என்று கேட்டார்.

மகள் அதோடு விடவில்லை. அந்தக் காட்டை முதலில் நட்ட துரையின் பெயர்தான் அதற்கு வந்தது என்று ரைட்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள். பிறகு நூலகத்தில் ஒரு புத்தகத்தில் தேடிப் பார்த்தால், அந்தத் துரைக்கும் அது சொந்தப் பெயர் இல்லை! இங்கிலாந்தில் ஏதோ ஒரு சின்ன கிராமத்தின் பெயராம். பிழைக்க வெளியூர் போன அவருடைய முன்னோர்களை அங்கேயும் ஊர்ப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். எங்கள் அந்தோணிக்குக் காடு கொடுத்த மாதிரி, அவர்களுக்கு ஊர் கொடுத்திருக்கிறது.

கல்யாணப் பத்திரிகையில் என் பெயரை முழுசாக, பெரிய எழுத்தில் அச்சடிக்கச் சொன்னேன். அச்சகத்துக்காரர் இரண்டு தரம் கேட்டார். இரண்டு தரமும் சத்தமாகச் சொன்னேன்.

மகள் கேட்ட கேள்விக்கு இப்போது என்னால் பதில் சொல்ல முடியும். எந்த வழியில் வந்திருந்தாலும் தப்பு எங்களுடையது இல்லை. அது தெரியாமல் நாற்பது வருடம் தலைகுனிந்து நடந்திருக்கிறேன். இன்று யாராவது அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் என் மனதில் எந்தத் துரையும் வருவதில்லை. விடியற்காலைப் பனியில் வரிசையில் நின்று, நான்கு அந்தோணிகளில் தன் பெயர் வந்ததும் கையைத் தூக்கிய சின்னானின் மகன்தான் வருகிறார்.